தீபாவளி யாருகிட்டன்னு கூட எழுதி வாங்குங்க

எங்க டைவர்ஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. கேஸ் ஆரம்பிச்சப்ப பெரியவனுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு நாலரை. மலேசியால பினாங்கு தீவுல உள்ள ஜெலுத்தோங்ல எங்கம்மா வீட்டுல நானும் புள்ளைங்களும், அவரு கடலுக்கு அந்தப் பக்கம் பிறைல அவங்க அண்ணன் வீட்டுல, இப்படியே ஒன்றரை வருஷம் ஓட்டினோம், யாராச்சும் கேட்டா வேலை விஷயமா அங்க இருக்காருன்னு சொல்லிட்டு இருந்தேன். அந்த வருஷ தீபாவளிக்கு காலைலயே சொல்லாம கொள்ளாம காடிய கொண்டாந்து கேட்டு முன்னாடி நிறுத்திட்டு புள்ளைங்கள அனுப்புன்னு ஒரே சத்தம், தலைல எண்ணெயோட சின்னவ அழுதுட்டு நிக்குறா, அக்கம்பக்கம் எல்லாம் பாக்குது. அன்னிக்கு தான் முடிவு பண்ணேன், கோர்ட்டுக்கே போயிடலாம்னு.

எனக்கு ஒண்ணும் தெரியாது. நேரா ஜேபிஎன், அதான் தேசிய பதிவு இலாகா, அங்க போய் டிரிபியூனலுக்கு, அதாவது டைவர்ஸுக்கு முன்னாடி சமரசம் பேசிப் பாக்குற குழுவுக்கு, பாரம் போட்டேன். மலேசியால முஸ்லிம் இல்லாத நமக்கெல்லாம் கல்யாணம், டைவர்ஸுக்கு உள்ளது 1976 சட்டம், சட்டம் 164ன்னு சொல்வாங்க. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் முடியாம பொதுவா டைவர்ஸ் பெட்டிஷன் போட முடியாது. ஒருத்தர் மட்டும் கேக்குறாங்கன்னா சில விதிவிலக்கு தவிர மொதல்ல டிரிபியூனல்ல பேசிப் பாத்து, சரிவரலன்னு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு தான் ஹைகோர்ட்டு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா டிரிபியூனலே வேணாம், நேரா ஜாயின்ட் பெட்டிஷன் போடலாம். இது எனக்கு ரெண்டு தடவ லீவு போட்டு போயிட்டு வந்தப்புறம் தான் தெரிஞ்சது.

டிரிபியூனல்ல நமக்காக பேச லோயர் வரமுடியாது, நாமளே தான் பேசணும். மொத தேதிக்கு அவரு வரல. ரெண்டாவது தேதிக்கு வந்து உக்காந்தாரு, தண்ணி கூட குடிக்கல, எடுத்ததுமே "பையன் எங்ககிட்ட இருக்கட்டும், பொண்ண அவ வச்சிக்கட்டும்"னாரு. எனக்கு கை நடுங்கிடுச்சு. எங்க வீட்டுல ரெண்டும் ஒரே மெத்தைல தான் படுக்கும், சின்னவ தூங்கும்போது அண்ணன் டீசர்ட் நுனிய பிடிச்சிக்கிட்டே தான் தூங்குவா, அவன் பாத்ரூம் போகணும்னா கூட மெதுவா விரல ஒவ்வொண்ணா எடுத்து விட்டுட்டு போவான். இதுங்கள எப்படி பிரிக்கிறது?

பயந்துக்கிட்டு லோயர்கிட்ட கேட்டேன். ஏழு வயசுக்கு கீழ உள்ள புள்ள அம்மாகிட்ட இருக்கறது நல்லதுன்னு சட்டம் எடுத்துக்குமாம், ஆனா அதையும் எதிர்த்து வாதாடலாமாம். விவரம் தெரிஞ்ச புள்ளயோட விருப்பத்தையும் ஜட்ஜ் பாப்பாராம். ரெண்டு புள்ளையும் ஒருத்தர்கிட்டயே குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, ஒவ்வொரு புள்ளைக்கும் எது நல்லதுன்னு தனித்தனியா பாப்பாங்கன்னு சொன்னாங்க. அப்ப மகன பிரிச்சிட வாய்ப்பு இருக்கு. உனக்கு யார் வேணும்னு அவன்கிட்ட நான் ஒரு நாளும் கேக்கல, எட்டு வயசு புள்ளகிட்ட கேக்குற கேள்வியா அது. பஸ் ஏறி பிறைக்கு மாமியார பாக்க போனேன். எங்களுக்குள்ள ஆயிரம் இருந்தாலும் அவங்க அந்த மெத்தைய பாத்தவங்க. அவங்க மகன கூப்ட்டு "ரெண்டையும் பிரிச்சிடாதடா"ன்னு ஒரே வார்த்த தான் சொன்னாங்க. ஒரு வாரத்துல அவரு ஜாயின்ட் பெட்டிஷனுக்கு ஒத்துக்கிட்டாரு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நான் மொதல்ல பாத்த லோயர் எழுதின பேப்பர்ல கஸ்டடி ரெண்டு பேருக்கும், புள்ளைங்கள வச்சு பாத்துக்கற பொறுப்பு எனக்கு, அப்பாவுக்கு 'நியாயமான அளவுல பாக்க அனுமதி', அவ்வளவு தான். நியாயம்னா எத்தன மணிக்கு? எனக்கு அந்த தீபாவளி காலைல கேட்டு முன்னாடி நடந்தது தான் ஞாபகம் வந்துச்சு. டபிள்யூசிசிக்கு போன் பண்ணேன், பினாங்குல பெண்களுக்கு உதவி பண்ற அமைப்பு, பொறுமையா கேட்டாங்க, என்னென்ன கேக்கலாம்னு சொன்னாங்க. அப்புறம் வேற லோயர வச்சு எல்லாத்தையும் எழுதினோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழம காலை 10 மணிலேருந்து ஞாயிறு சாயங்காலம் 6 மணி வரைக்கும் அப்பாகிட்ட, பட்டர்வொர்த் ஃபெர்ரி கிட்ட தான் புள்ளைங்கள மாத்திக்கணும், யார் வீட்டு வாசலுக்கும் வரக்கூடாது. தீபாவளி காலைல ஒருத்தர், மத்தியானத்துக்கு மேல இன்னொருத்தர், அடுத்த வருஷம் மாறும். தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு யார் கூட்டிட்டு போறது, பாஸ்போர்ட் யாருகிட்ட, ஸ்கூல் லீவு எப்படி பாதி பாதின்னு கூட எழுதினோம். இதெல்லாமா எழுதுவாங்கன்னு அவரு கேட்டாரு. எழுதணும்னேன்.

பணமும் அப்படித்தான். புள்ளைங்க செலவுக்கு மாசம் 1,000 வெள்ளி (ரிங்கிட்), 7ஆம் தேதிக்குள்ள பேங்க்ல, ஆஸ்பத்திரி செலவு பாதி. புள்ளைக்கு 18 வயசோட நின்னுடும்னு தான் எல்லாரும் சொன்னாங்க, ஆனா 2018 டிசம்பர்ல அமலுக்கு வந்த சட்ட திருத்தத்துக்கு அப்புறம் மேல்படிப்பு முடியற வரைக்கும் கேக்கலாம். அதையும் சேர்த்துக்கிட்டேன். கையில பணம் வாங்காதீங்க, கணக்குல வந்தா தான் நாளைக்கு குடுக்கலன்னாலும் காட்ட முடியும்.

லெபோ லைட் ஹைகோர்ட்ல எங்க முறை பத்து நிமிஷம் கூட இல்ல. யாராச்சும் வற்புறுத்தி கையெழுத்து போட வச்சாங்களா, எழுதியிருக்கறது புரிஞ்சுதான்னு ஜட்ஜ் கேட்டாரு. டிக்ரி நிசை, அதாவது இடைக்கால டைவர்ஸ் உத்தரவு குடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு தான் அப்சலூட், அதாவது இறுதி உத்தரவு, அதுவரைக்கும் கல்யாணம் முடிஞ்சதா கணக்கில்ல, மறுமணம் பண்ண முடியாது. அப்சலூட் பேப்பர எடுத்துட்டு ஜேபிஎன் போய் பதிஞ்சேன், அந்த கவுன்டர்ல நிக்கும்போது தான் எனக்கு அழுகை வந்துச்சு.

போன தீபாவளிக்கு காலை என்னோட முறை. பெரியவன் மொத நாளே ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்க பேப்பர படிச்சிட்டு, காலைல போடறதுக்கு ஒரு சட்டை, மத்தியானம் அப்பா வீட்டுக்கு ஒரு சட்டைன்னு எடுத்து வச்சுட்டான். தங்கச்சி பாவாடைய அவனே மடிச்சு அவன் பேக்ல வச்சான்.