தோசைக்கல்லை விட்டுவிட்டுப் போ

அக்கா மகளுக்கு அந்தமான் தீவில், போர்ட் பிளேரில் போஸ்டிங். வங்கி வேலை, மூன்று வருஷம் இருந்தாக வேண்டும். (2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) ஆர்டர் வந்த அன்றே அக்கா லிஸ்ட் போட்டுவிட்டாள். இரும்பு தோசைக்கல், இருப்புச்சட்டி, ஒரு வருஷத்துக்குக் குழம்புப்பொடி, உடன்குடிக் கருப்பட்டி ஐந்து கிலோ, எங்கள் ஊர் அப்பளம் பத்துக் கட்டு. "நீ பதினோரு வருஷம் இருந்தேல்லா, விட்டுப்போனதை நீயே எழுதிரு" என்று பேப்பரை நீட்டினாள்.

நான் பேனாவை வாங்கி லிஸ்டில் இருந்ததை அடிக்க ஆரம்பித்தேன்.

2008 ஜூனில் நானும் இவரும் திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கிளம்பியபோது, எங்கள் அம்மாவும் கிட்டத்தட்ட இதே லிஸ்ட்தான் போட்டாள். அம்மாவின் அம்மா பழக்கிய கல் அது. எண்ணெய் தொடாமலே தோசை எழும்பி வரும். போர்ட் பிளேர் போய்ப் பத்து நாள் அதை எடுக்கவில்லை. பதினோராம் நாள் எடுத்தால், ஓரமெல்லாம் செம்மண் பூசின மாதிரி துரு. தேய்த்தேன், எண்ணெய் தடவினேன், மறுபடி துரு. கடல் காற்றும் மழை ஈரமும் சேர்ந்தால் இரும்புக்கு அங்கே ஆயுசு கிடையாது. ஸ்டீல் பீரோவின் கால் நான்கு வருஷத்தில் உதிர்ந்தது. தாழ்ப்பாள், கத்தரிக்கோல், ஊக்கு, ஜிப், எதையும் விடாது.

துரு வராததில் பூஞ்சணம் வரும். பட்டுச்சேலையின் மடிப்பில், இவருடைய தோல் பெல்ட்டில், கல்யாண ஆல்பத்தின் பக்கங்களுக்கு நடுவில். அந்துருண்டை போட்டுப் பயனில்லை, அது பூச்சிக்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார்கள்: மர அலமாரிக்குள் கீழ்த்தட்டில், துணி தொடாதபடி சின்ன குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவது. அந்தச் சூட்டில் துணி காய்ந்தே இருக்கும். பட்டை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது அதைவிடச் சுலபம். கருப்பட்டி ஒரு மழைக்காலத்தில் பாகாகி டப்பாவின் அடியில் நின்றது. அப்பளம் நமத்துப்போய் எண்ணெயில் போட்டால் பொரியாமல் கிடந்தது. அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்காரிக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? பொடி என்றால் கால் கிலோ போதும். தீர்ந்தால் அங்கேயே திரித்துக்கொள்ளலாம், மிளகாயும் மல்லியும் கிடைக்கும்.

பீரோ கதையையும் சொல்லிவிடுகிறேன். சாமான்களைச் சென்னையிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பும் ஏஜென்ட் ஒருவர், பத்து நாளில் வீட்டு வாசலில் இறக்குவேன் என்றார். வந்து சேர முப்பத்தெட்டு நாள் ஆனது. அதுவரை தரையில் பாய், இரண்டு பாத்திரம், கடன் வாங்கின ஒரு வாளி. அந்த முப்பத்தெட்டு நாளில் ஒன்று தெரிந்தது: பீரோ இல்லாமல் நன்றாகத்தான் இருந்தோம். மாற்றலாகி ஊர் திரும்புகிறவர்கள் கட்டில், கேஸ் அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

அடுத்தது கடிகாரம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திருநெல்வேலி இருப்பது ஏறக்குறைய 77.7 பாகை தீர்க்கரேகையில், போர்ட் பிளேர் 92.7-இல். வித்தியாசம் பதினைந்து பாகை, அதாவது சூரியக் கணக்கில் முழுசாக ஒரு மணி நேரம். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஜூனில் காலை ஐந்து மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கும். டிசம்பரில் சாயந்திரம் ஐந்து தாண்டியதும் விளக்குப் போட வேண்டும். போன புதிதில், நாலரை மணிக்குக் காப்பி குடித்துவிட்டுத் துணி மடித்து நிமிர்ந்தால் வெளியே இருட்டு. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிள்ளைக்கு நான் சொன்னது: ஐந்து மணிக்கு எழும்பு, ஒன்பதுக்குப் படு, ஊர் நினைப்பில் பத்தரை வரை முழித்திருக்காதே. சாயந்திரம் கடற்கரைக்குப் போகலாம் என்று ஆபீஸ் முடிந்து கிளம்பினால் பாதி வருஷம் இருட்டைத்தான் பார்ப்பாய்.

வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்னால் தண்ணீரைக் கேட்க வேண்டும். எனக்கு இது கடைசி வரை ஆறவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தவள் நான். சின்ன வயசில் துவைப்பதும் குளிப்பதும் ஆற்றில்தான், வீட்டில் தொட்டி கட்ட வேண்டும் என்ற எண்ணமே எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அந்தத் தீவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டு ஊற்றும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வருகிற அடைமழை, அங்கே எட்டு மாத விருந்தாளி. ஆனால் எல்லாம் மேடும் சரிவும். பெய்தது பெய்தபடி கடலுக்கு ஓடிவிடும். ஊருக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் தானிகாரி அணை. பிப்ரவரி, மார்ச் வந்தால் அணை இறங்கும், குழாயும் இறங்கும். எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு தரம், சில வருஷம் ஐந்து நாளைக்கு ஒரு தரம். சுற்றிலும் கடல், அடுக்களையில் நாலு டிரம், அதில் கடைசி டிரம்மின் அடியைச் செம்பால் சுரண்டிக்கொண்டு நிற்பேன். அதனால் பெரிய சின்டெக்ஸ் டேங்க் இருக்கிற வீடாகப் பார். தகரக் கூரை வீடு என்றால் முகம் சுளிக்காதே. மழைச் சத்தத்தில் போன் பேச முடியாதுதான், ஆனால் கூரைத் தண்ணீரை டிரம்முக்குத் திருப்பிக்கொள்ளலாம். படிக்கட்டை எண்ணிப் பார். மேட்டு வீட்டில் காற்று வரும். சிலிண்டர் வரும்போது தெரியும், எத்தனை படி என்று.

காய்கறி கப்பலைப் பொறுத்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி பெரும்பாலும் இங்கிருந்துதான் போக வேண்டும். புயல் சின்னம் என்று கப்பல் நின்றால் அபர்டீன் பஜாரில் தக்காளியின் விலையைக் கேட்டுவிட்டுப் புளியோடு திரும்பிவிடலாம். தேங்காய், வாழை, பப்பாளி, கீரை அங்கேயே விளைகிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அது சொர்க்கம் என்பார்கள், நான் சைவம். தேங்காய்க்குப் பஞ்சமில்லாததால் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதிக்குக் குறைவில்லை. அதற்குப் போடும் காய்தான் வாரத்துக்கு வாரம் மாறும். பீன்ஸ் கிடைக்காமல் வெறும் பப்பாளிக்காயைப் போட்டு ஒரு சொதி வைத்தேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள். பொதுவாகப் புழங்குவது ஹிந்தி. அது ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும், நமக்கும் அவர்களுக்கும் இலக்கணம் பற்றிக் கவலை இல்லாததால். பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலுக்குப் போனால், காவடிக் கூட்டத்தில் நம் ஊர் என்றே நினைத்துக்கொள்வாய்.

சில விஷயத்தில் சட்டம் கறார். நிக்கோபார் பக்கம் நினைத்தவுடன் போக முடியாது, அது பழங்குடி மக்களுக்கான இடம், பாஸ் வேண்டும். வடக்கே ரங்கத், திக்லிபூர் போகும் சாலை ஜாராவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போகிறது. குறித்த நேரத்தில் வண்டிகளை வரிசையாக அனுப்புவார்கள். வழியில் நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது. கடற்கரையில் பொறுக்கின பவளத்துண்டையும் சிப்பியையும் விமானத்தில் கொண்டுவரவும் முடியாது. என் நாத்தனார் ஒரு பை நிறைய இழந்து, அந்தக் கோபத்தை என்மேல் காட்டினாள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிற கரையில் தண்ணீரில் இறங்காதே. கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் சொறிவாய், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போ. நில அதிர்வு பலமாக இருந்தால் கடலை வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஏறு. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்கள் அங்கே இன்னும் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

இன்டர்நெட் இப்போது பரவாயில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்குமாகக் கடலடியில் மொத்தம் 2,312 கிலோமீட்டருக்கு கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். நாங்கள் 2019-இல் ஊர் திரும்பியிருந்தோம், நம் ராசி அப்படி.

போகவர விமானம்தான். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரம். கப்பல் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரை மூன்று நாளில் கடக்கும். ஒரு தரம் போய்ப் பார்க்கலாம், ஆடியில் மட்டும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் பிள்ளையைத் தனியே தார்சாவில் உட்காரவைத்துச் சொன்னேன். 2013-இல் எங்கள் அப்பா தவறின செய்தி எனக்குச் சாயந்திரம் வந்தது. அன்றைக்கு இனி விமானம் இல்லை. மறுநாள் கிடைத்த முதல் டிக்கெட்டின் விலை என் கையிருப்பைவிட அதிகம். ஆபீஸ் நண்பர் ஒருவர் இரவோடு இரவாகப் பணம் புரட்டிக் கொடுத்தார். சென்னையில் இறங்கி, கார் பிடித்து, கல்லிடைக்குறிச்சி வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. அண்ணன் எனக்காகவே ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தான். எல்லாருக்கும் அப்படிக் காத்திருக்க முடியாது. அதனால், கடைசி நேர விலையில் ஒரு விமான டிக்கெட்டுக்கான பணம் தனிக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். பண்டிகைக்கு, சேலைக்கு, எதற்கும் அதைத் தொடக்கூடாது. பெரிய வைத்தியம் என்றாலும் சென்னைக்குத்தான் பறக்க வேண்டும், அதற்கும் அதே பணம். "சரி சித்தி" என்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் பயம் தெரிந்தது.

நேற்று ராத்திரி பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். விமானத்தில் அனுமதி பதினைந்து கிலோ, பெட்டி பதினெட்டுக்குக் குறையாது. திறந்தால், சுடிதார்களுக்கு நடுவே, நல்லெண்ணெய் தடவி தினசரித்தாளில் சுற்றின தோசைக்கல். அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் இரண்டு சுடிதாரை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.