எட்டாம் மாதம்: சப்டைட்டிலை ஆறு தட்டு தள்ளி வைத்தேன்

வேற்றுமொழிப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கும்போது எழுத்துக்கு முன் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இது எட்டாம் மாதம். நேற்று இரவு ஜப்பானிய இயக்குநர் ஒஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை மூன்றாம் தடவையாகப் பார்த்து முடித்தேன். 136 நிமிடம். முதல் இரண்டு தடவையும் கதை புரிந்தது, ஒரு முகமும் மனத்தில் நிற்கவில்லை. நேற்று நின்றது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

படத்தில் அதாமி என்ற ஊரின் கடலோரச் சுவரின் மேல் முதியவரும் அவர் மனைவியும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொள்வார்கள். எழ முயலும்போது அந்த அம்மாளுக்குத் தலை சுற்றும். முன்பு இரண்டு தடவையும் அவருக்குத் தலை சுற்றியதை நான் சப்டைட்டில் எழுத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் உடம்பு தடுமாறிய நேரத்தில் என் கண் திரையின் அடிப்பகுதியில் கிடந்தது. நேற்று தடுமாற்றத்தை முதலில் பார்த்தேன், எழுத்து பிறகு வந்து சேர்ந்தது. இந்த வரிசை மாற்றத்துக்காகத்தான் எட்டு மாதம் உழைத்தேன்.

வேகமாகப் படிக்கப் பழகினால் போதும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். பழகினேன். இரண்டு வரியை ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டு மேலே ஏறிவிடுவேன். அப்படியும் காட்சிகள் சப்பென்று இருந்தன. காரணம் பிடிபட நான்கு மாதம் ஆனது. ஜப்பானிய வாக்கியமும் தமிழைப் போலவே வினையில்தான் முடிகிறது. எதிர்மறையும் கேள்வியும் மரியாதையும் கடைசியில்தான் வருகின்றன. ‘இகிமாஸ்’ என்றால் போகிறேன், ‘இகிமசென்’ என்றால் போகமாட்டேன். கடைசி அசை வரும்வரை முடிவு தெரியாது. ஆங்கில சப்டைட்டிலோ மறுப்பை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறது. நடிகர் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறார், அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தயக்கத்தில் இருக்கிற நடிப்பு முழுவதும் எனக்கு வீணாகிறது.

‘வருகிறேன்’ என்பதா ‘வரமாட்டேன்’ என்பதா என்று கடைசிச் சொல்வரை காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் பிறவிப் பழக்கம். அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியாக ஜப்பானியம் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய நஷ்டம்!

இப்போது நான் செய்வது இதுதான். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் எச் விசையைத் தட்டினால் சப்டைட்டில் 50 மில்லிவினாடி பின்னால் போகும், ஜி விசையைத் தட்டினால் முன்னால் வரும். எச்சை ஆறு தட்டு தட்டுகிறேன், 300 மில்லிவினாடி. நான்கு தட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பத்துத் தட்டில் பேச்சு ஒருவருடையது, எழுத்து இன்னொருவருடையது என்று ஆகிவிடுகிறது. ஆறில் முகம் முதலில் வருகிறது, குரல் தொடங்குகிறது, அப்புறம் எழுத்து. ஒஸுவின் படங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பேசுகிறவரை ஏறக்குறைய நேருக்கு நேராகக் காட்டுவார், கேமரா தரையோடு தாழ்ந்து அசையாமல் இருக்கும், பேச்சு மாறினால் ஷாட்டும் மாறும். கண் எங்கே போக வேண்டும் என்று தேடவே வேண்டாம்.

இதோடு ஒரு காகிதப் பயிற்சியும் உண்டு. ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதலில் சாதாரணமாகப் பார்ப்பேன். அடுத்து திரையின் கீழ் ஐந்தில் ஒரு பங்கை நீளக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் பார்ப்பேன். மூன்றாம் முறை காகிதத்தை எடுத்துவிடுவேன். இரண்டாம் முறைதான் காது திறக்கிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் முதியவராக நடித்த சிஷு ரியூ திரும்பத் திரும்பச் சொல்லும் ‘ஸோ கா’ எனக்கு அப்படித்தான் கேட்டது. ‘ஸோ’ என்றால் அப்படி, ‘கா’ நம்முடைய வினா ‘ஆ’. சேர்த்தால் ‘அப்படியா’! எழுத்துக்கு எழுத்து நம் சொல். சப்டைட்டிலில் பாதி இடங்களில் இது வருவதே இல்லை, தேவையில்லாத சொல் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மனிதரின் ஏமாற்றம், பொறுமை, பெருந்தன்மை எல்லாம் அந்த ‘அப்படியா’க்களில்தான் இருக்கின்றன. படம் 1953இல் வந்தபோது ரியூவுக்கு ஐம்பது வயது ஆகவில்லை என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

சப்டைட்டில் கோப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருகிறது. வினாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் தயாரித்த கோப்பை 23.976 ஃப்ரேம் படத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஏதோ ஒப்பேறும். அரை மணி நேரத்தில் எழுத்து ஒரு நிமிடத்துக்கு மேல் முந்திவிடும். இதற்கு எச் விசையைத் தட்டிப் பயனில்லை, நேரம் முழுவதையும் 1.0427ஆல் பெருக்கி நீட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்காமல் ஒரு மாலை முழுவதும் தட்டிக்கொண்டே இருந்தேன். நான் சந்தா கட்டுகிற ஒரு தளத்தில் வேறு கொடுமை: கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஓரக்கோடு இல்லாத வெள்ளை எழுத்து. யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் வசனம் அதில் கரைந்துவிடுகிறது. எழுத்தை மஞ்சளாக்கும் வசதி இல்லாத இடத்தில் இனிமேல் பழைய படம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பிரெஞ்சுப் படங்களில் இந்த ஆறு தட்டு உதவவில்லை. அங்கே வினை முன்னாலேயே வந்துவிடுகிறது, பேச்சும் வேகம். ஆனால் அங்கே வேறொன்று கிடைத்தது. ‘து’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இருவர் ‘வூ’விலிருந்து ‘து’வுக்கு இறங்குகிற கணத்தைக் காதால் பிடித்துவிட்டால், அவர்கள் உறவு மாறிவிட்டது என்று எந்த எழுத்தும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்குத் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

அடுத்தது பாரசீகம் என்று மனம் இப்போதே தாவுகிறது. அதிலும் வினை கடைசியில்தான் வரும். அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ‘ஊ’. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை ஆங்கிலம் எந்த இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். ஈரானிய இயக்குநர் கியாரொஸ்தமியின் 1987ஆம் ஆண்டுப் படத்தை எடுத்து வைத்துவிட்டேன், கோக்கர் என்ற சிற்றூரிலிருந்து பக்கத்து ஊருக்கு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு சிறுவன் அலையும் படம்.

ஆனால் அதற்கு முன் ஒஸுவை முடிக்க வேண்டும். நடிகை செட்ஸுகோ ஹாரா நோரிகோ என்ற பெயரிலேயே அவருடைய மூன்று படங்களில் நடித்திருக்கிறார், 1949, 1951, 1953. மூவரும் வெவ்வேறு பெண்கள். நான் கடைசியிலிருந்து தொடங்கிவிட்டேன். இன்று இரவு 1949க்குப் போகிறேன். கோப்பைத் திறந்து பார்த்தேன், முதல் வசனமே இரண்டு வினாடி முந்துகிறது. முதலில் அதைச் சரிக்கட்ட வேண்டும், பிறகு ஆறு தட்டு.