அணைக்கட்டுக் கதவுகளும் இரண்டு விலைமனுக்களும்: ஒரு மலையகப் பராமரிப்புக்காரனின் நாட்குறிப்பு

ஒக்டோபர் 7, 2024

கொழும்பு அலுவலகத்திலிருந்து இரண்டு விலைமனுக்கள் வந்திருக்கின்றன. அணைக்கட்டில் உள்ள தலைக்கதவு (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது), மணல் கதவு (அணையில் சேரும் மணலை வெளியேற்றுவது), கீழே மணல் படியும் தொட்டியின் வெளியேற்று வால்வு ஆகிய மூன்றுக்கும் புதிய மின் அக்சுவேட்டர்கள், அதாவது மோட்டாரால் திறந்து மூடும் கருவிகள், பூட்ட வேண்டும். ஒரு விலைமனு சாதாரண வகைக்கு, மற்றது ஸ்மார்ட் வகைக்கு. எது நல்லது என்று ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார் மெனேஜர். ஒரு பக்கம் எனக்குப் போதாது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் வேலை செய்வது தலவாக்கலைப் பக்கம், தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடையை மறித்துக் கட்டிய சிறு நீர்மின் நிலையத்தில். அணை மேலே, பவர்ஹவுஸ் பள்ளத்தில். இடையில் ஒன்றரைக் கிலோமீற்றர் வாய்க்காலும் குழாயும். 2012இல் ஓடத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் நிலையத்துக்கு முன்னால் நாங்கள் மின்மினி. ஆனாலும் கதவு திறக்காவிட்டால் வரும் தலைவலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஒக்டோபர் 11

விலைமனுக்களை வரி வரியாகப் படித்தேன். ஸ்மார்ட் வகை இரண்டு மடங்குக்கும் மேல். மெனேஜரின் கண் அந்த எண்ணில்தான் நிற்கும் என்று தெரியும். ஆனால் சாதாரண வகைக்கான தொகையில் பாதிச் சாமான் இல்லை.

சாதாரண அக்சுவேட்டர் என்பது ஒரு மோட்டார், ஒரு புழுக்கியர், திறந்த இடத்திலும் மூடிய இடத்திலும் நிறுத்தும் லிமிட் சுவிட்ச்கள், மிதமிஞ்சிய டோர்க் (திருகுவிசை) வந்தால் வெட்டும் டோர்க் சுவிட்ச்கள், கையால் சுற்ற ஒரு சக்கரம். அவ்வளவே. அதை முன்னும் பின்னும் ஓட்டும் மின்சுவிட்ச்களான கொன்டாக்டர்கள், மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட், ரிலே எல்லாம் தனிப் பெட்டியில் நாம் கட்ட வேண்டும். அந்தப் பெட்டி பவர்ஹவுஸில் இருந்தால், மின்சாரத்துக்கு மூன்று கம்பி போக, ஒவ்வொரு சுவிட்சுக்கும், ஹீட்டருக்கும், கதவு எங்கே நிற்கிறது என்று சொல்லும் சிக்னலுக்கும் தனித்தனிக் கம்பி மலையேற வேண்டும். ஸ்மார்ட் வகையில் ஸ்டார்ட்டரும் மூளையும் உடம்போடேயே இருக்கின்றன. மின்கம்பியும் தகவலுக்கு ஒரு ஜோடியும் போதும். ஒன்றரைக் கிலோமீற்றர் செம்பின் இன்றைய விலையைப் போட்டுக் கூட்டினேன். இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது.

தொட்டி வால்வு அப்படியில்லை. அது பவர்ஹவுஸிலிருந்து கல்லெறி தூரத்தில், பாதையோரமாக இருக்கிறது. அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

ஒக்டோபர் 17, வப் போயா

பௌர்ணமி விடுமுறை என்று பெயர். காலையிலேயே மேலே ஏறினேன்.

நேற்று முன்தினக் காற்றில் சவுக்கு மரம் விழுந்து அணைக்குப் போகும் லைன் அறுந்திருந்தது. கூலிக்கு வந்தவர்கள் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று மின்கம்பிகளில் இரண்டு, அதாவது இரண்டு பேஸ்கள், இடம் மாறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மணல் கதவைத் திறக்க ஒப்பரேட்டர் அண்ணன் பொத்தானை அமுக்கினார். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, ஏற்கெனவே மூடியிருந்த கதவை இன்னும் கீழே தள்ளியது. இங்கேதான் சாதாரண வகையின் கண் கட்டப்படுகிறது. நாம் 'திற' என்று கட்டளை கொடுத்திருப்பதால் அந்த மின்சுற்றை வெட்டக்கூடியவை திறக்கும் பக்கத்து லிமிட்டும் டோர்க் சுவிட்சும்தான். கதவோ மூடும் பக்கம் போகிறது. அந்தப் பக்கத்துச் சுவிட்ச்கள் கத்தினாலும் கேட்பதற்கு ஆளில்லை. மோட்டார் சூடாகி உள்ளே இருக்கும் வெப்பச் சுவிட்ச் வெட்டும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். சத்தம் மாறியதைக் கேட்டு அண்ணன் உடனே நிறுத்தினார். அவருடைய காதுக்கு இந்த நிலையம் கடன்பட்டிருக்கிறது. தண்டு வளையவில்லை, நட்டில் மட்டும் கொஞ்சம் கடி.

ஸ்மார்ட் வகைகள் பேஸ் வரிசையைத் தாமே பார்த்து, தலைகீழாக இருந்தாலும் சரியான பக்கமே சுற்றும். ஒரு பேஸ் இல்லாவிட்டால் ஓடவே ஓடாது. விற்பனையாளர் இதைத்தான் முதலில் சொல்வார். அவர் சொல்லாத ஒன்றும் உண்டு: சாதாரண வகையின் பெட்டியில் பேஸ் வரிசை ரிலே ஒன்றைப் போட்டால் இதே ஆபத்து மிக மலிவாகத் தீர்ந்துவிடும். லைனில் யார் கை வைத்தாலும், முதலில் கதவைக் கைச்சக்கரத்தால் நடுவழிக்குக் கொண்டுவந்து, ஒரு நொடி மட்டும் ஓட்டித் திசை பார்ப்பதும் பழைய வழக்கம். அந்த வழக்கத்தைப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டு இறங்கினேன்.

ஒக்டோபர் 20

மூடுபனி. பத்தடிக்கு அப்பால் கதவு தெரியவில்லை. இந்த ஊரில் அக்சுவேட்டருக்கு எதிரி தண்ணீர் அல்ல, மூடியைத் திறக்கும் மனிதன்.

சாதாரண வகையில் லிமிட்டைத் திருத்த மூடியைக் கழற்ற வேண்டும். ஈரக் காற்றை உள்ளே வைத்து மூடினால், இரவுக் குளிரில் அது நீராகி டெர்மினல்களில் பச்சை பூக்கும். ஹீட்டர் இருக்கிறது, ஆனால் எங்கள் பழைய வயரிங்கில் மோட்டாரின் பிரேக்கரை இறக்கினால் ஹீட்டரும் சேர்ந்து செத்துவிடும். வேலையில்லாமல் குளிர்ந்து கிடக்கும்போதுதான் ஹீட்டரே தேவை! புதிதாக எது வந்தாலும் ஹீட்டருக்குத் தனி வழி என்று சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

ஸ்மார்ட் வகையில் கையடக்கக் கருவியை வைத்துக் கண்ணாடி வழியாகவே எல்லாவற்றையும் அமைக்கலாம். மூடியைத் தொடவே தேவையில்லை. எனக்கு இதுதான் அதன் மிகப் பெரிய குணம். ஆனால் பட்டியலில் உள்ள, தண்ணீர் புகாது என்று சொல்லும் ஐபி68 என்ற எழுத்தை நம்பித் தூங்க முடியாது. கேபிள் நுழையும் கிளாண்ட் அளவு தவறினால் எந்த வகையாக இருந்தாலும் தண்ணீர் கம்பியோடு நடந்து உள்ளே வரும்.

ஒக்டோபர் 24

மாலை இடி. ஒக்டோபர், நவம்பரில் இது தினசரி நாடகம்.

மின்னலைப் பற்றி யோசிக்காமல் மேலே மின்னணுப் பலகையை வைப்பது வீண். பக்கத்தில் விழும் மின்னல் சாதாரண வகையின் லிமிட் சுவிட்சுக்குப் பெரிய பொருட்டல்ல. ஸ்மார்ட் பலகைக்கு அது மரணம். மின்னல் பாய்ச்சலைத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் இரண்டு முனைகளிலும் வேண்டும், நல்ல எர்த் வேண்டும், பாறை மலையில் அதுவே தனி வேலை.

இன்னொரு சிக்கலை விலைமனு எழுதியவர் கவனிக்கவில்லை. கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மொட்பஸில் வரும் தகவலை, ஆர்எஸ்-485 என்ற முறைப்படி செம்பு ஜோடியில் அனுப்புவதாகப் போட்டிருக்கிறார். அதற்கு வழக்கமான எல்லை 1200 மீற்றர். எங்களுக்கு அதைத் தாண்டுகிறது. நடுவழியில் ரிப்பீட்டர் போடலாம், ஆனால் மின்னலுக்கு இன்னொரு விருந்தாளி எதற்கு? கண்ணாடி இழை போடச் சொல்கிறேன். அதில் மின்னல் ஏறாது.

ஒக்டோபர் 31, தீபாவளி

தோட்டத் தொழிலாளர் லயத்தில் வெடிச்சத்தம், இங்கே மழை. மெனேஜர் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, டர்பைனுக்கு முன்னாலுள்ள பெரிய பட்டர்ஃபிளை வால்வுக்கும் ஸ்மார்ட் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் சேர் என்றேன். மின்சாரம் போனால் மின் அக்சுவேட்டர் நின்ற இடத்திலேயே நிற்கும். லைன் விழுந்து சுமை போன நொடியில் தறிகெட்டு ஓடும் டர்பைனுக்கு முன்னால் அது சிலை. இப்போது எண்ணெய் அழுத்தத்தில் திறந்து, எடைக்கல் விழுந்து மூடுகிறது. பூமி இழுப்பதை நிறுத்தாதவரை அது வேலை செய்யும்.

நவம்பர் 4

ஒப்பரேட்டர் அண்ணனிடம் கேட்டேன், உங்களுக்கு எது வேண்டும் என்று. "தம்பி, முள் வேண்டும்" என்றார். கண்ணாடிக்குள் கதவின் நிலையைக் காட்டும் அந்தப் பழைய முள்ளைச் சொல்கிறார். மின்சாரம் இல்லாதபோது, கொட்டும் மழையில் டோர்ச் அடித்துப் பார்த்தாலும் அது பதில் சொல்லும். ஸ்மார்ட் வகையிலும் திரைக்கு பற்றரி உண்டு, மின்சாரமில்லாமல் கையால் சுற்றினாலும் நிலையை மறக்காது என்றேன். பற்றரி தீர்ந்தால்? என்றார். பற்றரியை ஆண்டுதோறும் மாற்றும் பட்டியலில் சேர்த்தேன்.

பிறகு 2022 பற்றிப் பேசினார். மார்ச் மாதக் கடைசியில் நாடு 13 மணித்தியால மின்வெட்டுக்குப் போன நேரம், டொலர் இல்லை, வெளிநாட்டிலிருந்து எந்தப் பாகமும் வரவில்லை. எங்கள் தலைக்கதவின் மோட்டார் எரிந்தபோது ஹட்டனில் கம்பி சுற்றிக் கொடுத்தார்கள். மைக்ரோ சுவிட்சை ஒரு பழைய தேயிலை உலர்த்தியிலிருந்து கழற்றினோம். பக்கத்து நிலையமொன்றில் ஸ்மார்ட் அக்சுவேட்டரின் பலகை போய், டொலர் கிடைக்கும்வரை ஆட்கள் ஷிப்ட் போட்டுக் கைச்சக்கரம் சுற்றினார்கள். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் வாதத்தில் இல்லை, உதிரிப்பாகத்தில் இருக்கிறது.

நவம்பர் 8

மணல் கதவு நேற்றிரவு பாதியில் நின்றுவிட்டது. மணல் அழுத்தமா, தண்டில் கிரீஸ் காய்ந்ததா, மின்னழுத்தமா? ஓடத் தொடங்கும் நொடியில் அளந்தேன். 400 வோல்ட் 325க்கு இறங்குகிறது. மோட்டாரின் திருகுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவதால், மிஞ்சுவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஸ்மார்ட் வகைகளிலும் பெரும்பாலும் இதே இன்டக்ஷன் மோட்டார்தான். மூளை இருப்பதால் கம்பியின் மின்தடை குறைந்துவிடாது. தடித்த கேபிள், எந்த வகைக்கும்.

ஆனால் ஸ்மார்ட் இருந்திருந்தால் காரணத்தை இன்று அளந்து தேட வேண்டியிருக்காது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்த இடத்தில் எவ்வளவு டோர்க் என்று அது பதிந்து வைக்கும். போன மாதத்து வரைபடத்தோடு ஒப்பிட்டால், கீழே மட்டும் ஏறியிருந்தால் மணல், வழி முழுதும் ஏறியிருந்தால் கிரீஸ். இரவு மழையில் அட்டைக்கடியோடு ஏறிப் பார்ப்பவனுக்குத்தான் இந்தப் பதிவின் விலை தெரியும்.

நவம்பர் 13

நாளை பாராளுமன்றத் தேர்தல். வாக்களிக்கப் போக வேண்டும் என்பதால் இன்றே அனுப்பிவிட்டேன்.

அணையின் இரண்டு கதவுகளுக்கும் ஸ்மார்ட். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே அளவு. மணல் கதவுதான் அடிக்கடி ஓடுவது. தலைக்கதவு எப்போதாவதுதான், அதற்குச் சாதாரணமே போதும் என்று மெனேஜர் சொல்வார். ஆனால் மணல் கதவின் பலகை போன இரவில் தலைக்கதவின் பலகையைக் கழற்றி மாட்டலாம் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்னணுப் பகுதி கதவின் மேல் வேண்டாம். வெள்ளக்கோட்டுக்கு மேலே உள்ள காவல் அறைச் சுவரில் தனியாகப் பொருத்தும் வகை கேட்டிருக்கிறேன். தொட்டி வால்வுக்குச் சாதாரணம், பேஸ் ரிலேயோடு.

அதே கொள்வனவில் ஒரு முழு உதிரிப் பலகை, பற்றரிகள், அமைக்கும் கருவி இரண்டு. இதை மட்டும் வெட்டினால் மூன்றுக்கும் சாதாரணமே வாங்குங்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறேன். மெனேஜரின் பதில் இன்னும் வரவில்லை. பெறுகைப் பிரிவிலிருந்து மட்டும் ஒரு கேள்வி வந்தது: கருவி ஏன் இரண்டு?