திரைக்கு முன்னால்

போன சனிக்கிழமை பிரதோஷத்துக்கு மகளையும் தூக்கிக்கொண்டு கொழும்பு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தோம். அவளுக்கு 10 மாதம் முடியப் போகிறது. அந்தக் கோயிலுக்கு அவள் வருவது மூன்றாவது தடவை. ஆனால் சாமியைப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று என் மனம் சொல்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து பிள்ளையோடு பஸ்ஸில் போவது பெரும்பாடு, காலி வீதியில் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி அங்கிருந்து திரும்பவும் ஒன்று பிடிக்க வேண்டும். அதனால் வீட்டு வாசலிலேயே ஆட்டோ பிடித்தோம். நான், அம்மா, மடியில் அவள். செட்டியார் தெருவால் போகும்போது அம்மா வழக்கம்போலக் கதிரேசன் கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். பிள்ளையும் உடனே இரண்டு கையையும் சேர்த்து வைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்தே வந்தது. வீட்டில் நாம் என்ன செய்கிறோம் என்று ஒரு சோடிக் கண் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

முதல் தடவை போனது, அவள் பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழித்த பிறகு. பிறந்த பிள்ளைக்கு 20, 30 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியுமாம். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. அன்றைக்கு மூலஸ்தானத்துக்கு நேரே நின்றபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தீபம் காட்டியதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்கு வேண்டியதை அவளுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தவன் யார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாவது தடவை 5 மாதத்தில். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று சொல்வார்களே, அந்த மாதம். தலையைத் தூக்கி ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரையை இழுத்து மூடினார்கள். மூடின அந்தக் கணமே அவள் மறுபக்கம் திரும்பிவிட்டாள், பக்கத்தில் நின்ற ஒரு அக்காவின் வளையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வயதில் அப்படித்தான். கண்ணுக்கு முன்னால் இருந்தது மறைந்தால் அதைத் தேட வேண்டும் என்று தோன்றாது. கிலுகிலுப்பையைத் துணியால் மூடினாலும் துணியைத் தூக்கிப் பார்க்க மாட்டாள்.

இந்தத் தடவைதான் விஷயம்.

நாங்கள் போனபோது அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி 1912 இல் முடித்த கருங்கல் திருப்பணி இந்தக் கோயில். அவருடைய தந்தை பொன்னம்பல முதலியார் முதலில் கட்டிய இடம். வெளியே கொழும்பு வெயில் எப்படி எரித்தாலும் உள்ளே கல் குளிர்ந்துதான் கிடக்கும், உள்ளே போனதும் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, எண்ணெய் விளக்கின் மணம்தான் முதலில் வரும். கூட்டம் இல்லாத ஒரு தூண் ஓரமாக அவளைக் கீழே விட்டேன். தவழத் தொடங்கினாள். கை வைத்த இடத்திலெல்லாம் அந்தக் கறுப்புக் கல்லில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்தன, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்தன. தூணைப் பிடித்து எழும்பினாள், இருந்து விழுந்தாள், மறுபடி எழும்பினாள். விழுந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. பல் முளைத்ததற்குத் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிக் கொண்டாடினோமே, அந்த இரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு வேறு.

அப்புறம் திரை போட்டார்கள்.

தூக்கி இடுப்பில் வைத்தேன். இவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து ஓரத்தால் பார்த்தாள், பிறகு மற்றப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். கையை நீட்டி, விரலை மடக்கி மடக்கி, வா வா என்று கூப்பிட்டாள். உள்ளே மணிச் சத்தம் லேசாகக் கேட்டதும் என் முகத்தைப் பார்த்து, திரையைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தாள். அம்மா அவளுடைய காதுக்குள், "சாமிக்கு உடுப்பு மாத்தினம் குஞ்சு, இப்பத் திறப்பினம்" என்றார். அழவில்லை, சிணுங்கவில்லை. அங்கே இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை எப்படிக் காத்திருக்குமோ அப்படிக் காத்திருந்தாள்.

எனக்குக் கால் சோர்ந்துபோனது. கலியாணமாகி 7 வருடம் பிள்ளை இல்லை. இதே கோயிலுக்குத்தான் பிரதோஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தேன். நடுவில் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு வந்த ஒரு பிரதோஷத்தில் இப்படித்தான் திரை போட்டார்கள், அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு இதற்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று தோன்றிவிட்டது. திரை திறக்கும் முன்பே வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். ஒன்றரை வருடம் இந்தப் பக்கம் வரவில்லை. அம்மாவுக்குக்கூடக் காரணம் சொன்னதில்லை, இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மறைந்தால் இல்லை என்று நினைப்பது 5 மாதப் பிள்ளையின் அறிவு. நான் அன்றைக்கு அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறேன். அதற்காக என்னைத் திட்டிக்கொள்ள இப்போது மனம் வரவில்லை, 5 மாதத்தில் திரும்பிக்கொண்டாள் என்று நான் இவளைத் திட்டினேனா? எந்தத் தாயும் திட்டமாட்டாள். அவனும் அப்படித்தான் பார்த்திருப்பான் என்று நம்புகிறேன்.

திரை விலகியது. அடுக்குத் தீபம் எழும்பிய வெளிச்சத்தில் வில்வமும் வெள்ளைப் பூவுமாக நிறைந்து நின்றார். அவள் ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், நான் வேலையால் வீட்டுக்கு வரும்போது கதவடியில் போடுகிற அதே சத்தம். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே நித்திரையாகிவிட்டாள், நெற்றித் திருநீறு பாதி என் சேலையில். அடுத்த பிரதோஷத்துக்கு நேரத்தோடு வெளிக்கிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். திரை போடுவதற்கு முன்பே போய், முன்னால் இடம் பிடித்து இருக்க வேண்டும்.