ஒரு கம்பு

ஒயினுக்கான புதிய சிவப்புத் திராட்சை ரகம் உருவாக்குகிற ஒரு தோட்டத்தில், நாசிக் பக்கம், எட்டு வருசம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர்.

திராட்சை மொட்டு கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இதழ்கள் தனித்தனியாக விரியாது, நுனியில் ஒட்டிக்கொண்டு தொப்பி மாதிரி மூடியிருக்கும். பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் என்பதால், திறப்பதற்கு முன்பே தொப்பியையும் மகரந்தப் பைகளையும் இடுக்கியால் கிள்ளிவிட்டு, நடுவில் நிற்கும் சூலகத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கொத்து முடிவதற்குள் கழுத்து மரத்துப்போகும். அப்புறம் அப்பன் கொடியின் மகரந்தத்தைத் தடவிக் காகிதப் பை மாட்டுவோம். கிடைக்கும் விதையை ஈரத்தோடு மூன்று மாதம் குளிரில் வைத்து முளைக்கவிட்டால், காய்க்க மூன்று நான்கு வருசம். ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி, உடன்பிறந்ததுகள் என்று நம்பவே முடியாது.

எங்கள் பெரிய எதிரி, மழை ஈரத்தில் இலைக்கு அடியில் வெள்ளையாகப் படரும் அடிச்சாம்பல் நோய். அது 1870களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது, அதைத் தாங்கும் குணமும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையிடம் இருக்கிறது. அந்தக் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டு வாசனையைக் கழிக்க, நல்ல ஒயின் ரகத்தோடு திரும்பத் திரும்பச் சேர்க்கணும். இருபது வருசம் சாதாரணமாகப் போய்விடும்.

வளர்ப்பதைவிடப் பிடுங்குவதுதான் அதிகம். பிரான்சில் 1961இல் கபர்னே சோவிஞ்ஞான், கிரனாஷ் என்ற இரண்டு ஒயின் ரகங்களைச் சேர்த்து வந்த மார்செலான் ரகத்தை, பழம் சிறிசு என்று ஒதுக்கிவிட்டார்கள், 1990இல்தான் பதிவானது. கன்று பிடுங்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

ஒரு கன்று, நாலாம் வருசம். பழத்தை நசுக்கினால் கட்டைவிரல் ரேகையில் ஏறிய கருஞ்சிவப்பு சோப்புக்கும் போகாது. அக்டோபர் கவாத்துக்குப் பிறகு பத்து நாள் மழை பிடித்தது, இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பிடுங்கச் சொன்னார்கள். நானே பிடுங்கினேன்.

கார்த்திகையில் ஊருக்கு வந்தால் இங்கேயும் மழை, பால்வெட்டு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன். நூற்றைந்து என்று நாம் சொல்கிற ரப்பரும் 1980இல் வெளிவந்த கலப்புதான் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

"அதுல ஒரு கம்பாவது வெட்டி வெச்சிருக்கப்பிடாதா, மக்ளே?"

வைக்கவில்லை.