உயிலுக்குச் சாட்சி பிடிப்பது முதல் பதிவு வரை

உயில் எழுதிப் பதிவு செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அதிக நாள் பிடித்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் இல்லை, இரண்டு சாட்சிகளை முடிவு செய்வதில்தான். அந்த நேரம் வீணில்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கிறபடி இரண்டு சாட்சிகள் இல்லாவிட்டால், பதிவான உயிலும் செல்லாது. எழுதியவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது நான் போட்டதுதான்' என்று அவரே சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் முன்னிலையில்தான் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தைச் சாட்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கினால், பின்னால் வழக்கில் உயில் அடிபடுவது அங்கேதான். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடிருந்தால் அவர் கூண்டேறித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். ஆகவே எழுதுபவரைவிட இளையவராக, ஊரில் நிலையாக இருப்பவராக, சொத்தில் பங்கு வராதவராகப் பாருங்கள். வயதானவர் எழுதும் உயிலில் குடும்ப மருத்துவர் சாட்சியாக நின்றால், 'சுயநினைவோடுதான் எழுதினாரா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

சொத்து விவரத்தில் 'என் வீடு' என்று எழுதினால் போதாது. கிராமம், சர்வே எண், நான்கெல்லை, அளவு, கிரயப் பத்திர எண், ஆண்டு என எல்லாம் வேண்டும். தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் அருகில் வைத்து ஒத்துப்பாருங்கள். பத்திரத்தில் 112/3 என்றிருப்பது உட்பிரிவுக்குப் பின் பட்டாவில் 112/3ஏ2 ஆகியிருக்கலாம், இரண்டையுமே எழுதுங்கள். 'இதில் சொல்லாத, இனி வாங்கும் சொத்துகள் இன்னாருக்கு' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் விடுபட்டவை வாரிசுச் சட்டப்படி பிரியும். அடித்தல் திருத்தல் இருந்தால், அந்த ஓரத்தில் எழுதியவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். பக்கத்தையே மறுபடி அச்சடிப்பது நல்லது.

பதிவுக்கு மூவரும் அசல் அடையாள அட்டையோடு போனால் சரி. நடமாட முடியாதவருக்கு வீட்டுக்கே வந்து பதியச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

பதிவான உயில், சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கென்றே இருக்கும் பதிவேடான மூன்றாம் புத்தகத்தில் ஏறும், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் வராது. எழுதியவர் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். ஆகவே பதிவு எண், ஆண்டு, அலுவலகத்தின் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, உயிலை நிறைவேற்றப் போகிறவரிடம் கொடுத்துவையுங்கள். அசல் கிடைக்காவிட்டாலும், இறப்புச் சான்றிதழைக் காட்டி அவர் நகல் வாங்கிக்கொள்ளலாம்.