பந்தாலிகாவுக்கு இறங்கிப் போகும் வியாழக்கிழமைகள்

இத்தாலியில் வீட்டோடு நின்று முதியவர்களைப் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு வியாழன் பின்னேரமும் விடுமுறை. சிசிலித் தீவில் நானும் இப்போது அந்த வேலைதான் செய்கிறேன். அதற்கு முன் பத்து வருடம் தீவின் பெரிய நகரமான பலெர்மோவில் இருந்தேன். அடுக்குமாடிகளின் படி துடைக்கிற வேலை. லீவு நாளில் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருக்கும். நடை என்று அங்கே நான் நடந்தது பெல்லெகிரீனோ மலைக்கு மட்டும்தான். பலெர்மோத் தமிழர் எல்லோருக்கும் அந்த மலை தெரியும். சுமார் 600 மீட்டர் உயரம், மேலே குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில். சைவக்காரர், வேதக்காரர் என்று பார்க்காமல் நம்முடைய ஆட்கள் நேர்த்தி வைத்து ஏறுவார்கள். நானும் விசாவுக்காக ஒருமுறை, தம்பியின் பிள்ளைக்குச் சுகமில்லாதபோது ஒருமுறை வெறுங்காலோடு ஏறினேன்.

2016இல் தீவின் மறுகோடிக்கு, சிராகூசா மாகாணத்தில் இருக்கிற ஃபெர்லாவுக்கு வந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற மலையூர். ஊரில் நான் ஒருத்திதான் தமிழ். முதல் மாதம் மத்தியானம் ஒரு மணியானால் தெருவில் ஒரு சனம் இருக்காது, கதவுகளெல்லாம் சாத்தியிருக்கும், அந்த அமைதி எனக்கு வயிற்றைப் பிசைகிற மாதிரி இருந்தது. பலெர்மோவில் பல்லரோ சந்தைப் பக்கம் போனால் முருங்கைக்காயும் கருவாடும் வாங்கி நாலு பேரோடு கதைத்துவிட்டு வரலாம். இங்கே யாரோடு கதைக்கிறது? நான் பார்த்துக்கொள்ள வந்த அம்மாவுக்கு அப்போது 83 வயது. அவர் கதைத்தது இத்தாலியனே இல்லை, மலைநாட்டுச் சிசிலியன். நான் சந்தையில் பழகிய பலெர்மோப் பேச்சு அதில் பாதிக்குக்கூட உதவவில்லை. முதலில் சினியோரா என்றேன். அவர்தான் நோன்னா என்று கூப்பிடச் சொன்னார், பாட்டி என்று. என்னை "ஃபிக்யா மீயா" என்பார். என் மகளே என்று அர்த்தம்.

மொழி வந்தது வீட்டுச் சாமான்கள் வழியாகத்தான். பாணுக்கு அவர்கள் பானே என்கிறார்கள். வீட்டுச் செருப்புக்குச் சாபாத்தா, எங்களுடைய சப்பாத்துக்குச் சொந்தக்காரன். களிசானுக்குக் கல்சோனி. போர்த்துக்கேயர் எங்கள் கரையில் விட்டுப்போன சொற்களின் உறவுகளை நான் இந்த மலையில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல நோன்னாவுக்கு அப்படியொரு சந்தோசம்.

ஒரு வியாழன் அவர்தான் என்னைத் துரத்தினார். வீட்டுக்குள்ளே இருந்து என்ன செய்யப் போகிறாய், காவாவுக்குப் போ என்றார். காவா என்றால் இந்தப் பக்கத்து ஆற்றுப் பள்ளம். ஈப்லெய் மலைகள் என்கிற இந்த நிலம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மேலே நின்று பார்த்தால் சமதரையாய், கல்வேலி போட்ட தோட்டங்களாய், ஒலிவும் பாதாமும் கரோப் மரமுமாய்த் தெரியும். இன்னும் நாலடி வைத்தால் நிலம் சடாரென்று அறுந்து கீழே போய்விடும். ஆறு கல்லைக் கரைத்துக் கரைத்து இறங்கிய வெட்டு அது. வெளியிலிருந்து வருகிறவருக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது, ஒரு ஊரையே அதற்குள் ஒளிக்கலாம். அப்படித்தான் ஒளித்தும் இருக்கிறார்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் பந்தாலிகா. ஃபெர்லாவுக்கும் சோர்த்தீனோ என்ற ஊருக்கும் நடுவில், அனாப்போ, கல்ச்சினாரா என்ற இரண்டு ஆறுகள் சுற்றிவளைத்த மேட்டுநிலம். பக்கத்து வீட்டுக்காரரின் மகன் ஒலிவுத் தோட்டத்துக்குப் போகும்போது காரில் ஏற்றிக்கொண்டு போய் ஃபிலிப்போர்த்தோ என்ற மலைக்கழுத்தில் இறக்கிவிட்டார். எதிர்ப் பாறைச் சுவரைப் பார்த்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாய்க் கறுத்த துவாரங்கள். மனிதர் குடைந்த கல்லறைகள். மொத்தம் ஐயாயிரம் வரை என்கிறார்கள், கி.மு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை வெட்டியவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாவுலோ ஓர்சி என்ற தொல்லியலாளர் வந்து தோண்டி ஆராய்ந்தார். அவர் எடுத்த பொருட்கள் சிராகூசாவில் அவர் பெயரிலேயே இருக்கிற அருங்காட்சியகத்தில் உள்ளன. 2005இல் யுனெஸ்கோ சிராகூசாவையும் பந்தாலிகாவையும் சேர்த்து உலகப் பாரம்பரியத்தில் எடுத்தது.

கிட்டப் போய் ஒரு கல்லறைக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வாசல் என் முழங்கால் உயரம்தான் இருக்கும். உள்ளே ஒரு ஆள் முடங்கிப் படுக்கிற அளவு அறை, கூரை கொஞ்சம் வளைந்து இறங்குகிறது. சுவரில் கையை வைத்துத் தடவினால் உளி பட்ட தழும்பு விரலுக்குத் தெரிகிறது, குறுக்காக, ஒரே அளவு இடைவெளியில். வாசலைச் சுற்றி ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள், மூடுகிற கல் சரியாகப் போய் உட்காருவதற்கு. மூவாயிரம் வருடத்துக்கு முதல் யாரோ ஒருவர் தன் தாய்க்கோ பிள்ளைக்கோ அந்த விளிம்பை இவ்வளவு பொறுமையாக வெட்டியிருக்கிறார் என்பது என்னை ஏதோ செய்தது.

வீட்டுக்கு வந்து நோன்னாவிடம் கேட்டேன், ஏன் இவ்வளவு பேர் இந்தப் பாறைக்குள் வந்து இருந்தார்கள் என்று. கடலுக்குப் பயந்துதான் என்றார். பிறகு வாசித்துப் பார்த்தால் அதுதான் விசயம். கடற்கரையோரம் இருந்த சனங்கள், கடல் வழியே புதிய ஆட்கள் படை படையாக வந்து இறங்கத் தொடங்கியபோது, கரையை விட்டு உள்ளே ஏறி இந்தப் பள்ளங்களுக்கு நடுவில் குடியேறினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பல நூற்றாண்டு கழித்து பைசாந்தியர் என்கிற கிழக்கு ரோமானியர் காலத்திலும் அதே கதை. அரபுப் படைகளுக்குப் பயந்த சனம் மறுபடி இங்கே வந்து, பழைய கல்லறைகளை அகலமாக்கி வீடாக்கிக்கொண்டது. பாறைக்குள் குடைந்த சின்னக் கோயில்கள் இருக்கின்றன. சான் மிச்சிதியாரியோ என்று ஒன்று, சான் நிக்கொலிக்கியோ என்று ஒன்று. சுவரில் சித்திரத்தின் நிறம் அங்கங்கே இன்னும் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

நான் மயிலிட்டிக்காரி, யாழ்ப்பாணத்து வடக்குக் கரை. 1990இல் போருக்குப் பயந்து நாங்கள் கரையை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு நாளில் திரும்பலாம் என்று அம்மா அடுப்படியைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். 27 வருடம் கழித்து 2017 ஜூலையில் ராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்த செய்தி வந்தபோது நான் இங்கே ஃபெர்லாவில் நோன்னாவுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றுவிட்ட தங்கச்சி போனில் அனுப்பிய வீடியோவை இருவரும் பார்த்தோம், பற்றைக்கு நடுவில் ஒரு துண்டுச் சுவர், அவ்வளவுதான். அந்த வியாழன் நான் பந்தாலிகாவுக்குப் போய் அந்தச் சமையலறை அளவு கல்வீடு ஒன்றுக்குள் நெடுநேரம் இருந்தேன்.

ஒரு ஞாயிறு பழைய நோத்தோவுக்கும் போனேன். 1693 ஜனவரி 11ஆம் திகதி பூமி அதிர்ந்தபோது இந்தப் பகுதி முழுக்க இடிந்து, அறுபதாயிரம் பேர் வரை செத்தார்கள். ஃபெர்லாவும் விழுந்துதான் எழும்பியது. இன்றைக்கு ஆட்கள் படம் எடுக்கப் போகிற, தேன் நிறக் கல்லில் கட்டிய நோத்தோ, சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டிய ஊர். பழையது மலையில் அப்படியே கிடக்கிறது, கோட்டை வாசல் வழியே உள்ளே போனால் தெருக்கள் இருந்த இடத்தில் அத்திமரமும் முள்ளும். திரும்பிப் போய் அங்கேயே கட்டுவதா, புதிய இடத்தில் இருப்பதா என்று அந்தச் சனம் வருடக்கணக்காகச் சண்டை பிடித்திருக்கிறது. ராகூசாவில் அந்தச் சண்டை தீரவே இல்லை. கொஞ்சப் பேர் பழைய இடத்திலேயே ஈப்லாவைக் கட்டினார்கள், மற்றவர்கள் மேலே புதிய ராகூசாவைக் கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே படிகளில் ஏறி இறங்கும்போது, மயிலிட்டிக்குத் திரும்பிப் போன சித்தப்பாவும் போகமாட்டேன் என்று நிற்கிற மாமாவும்தான் என் கூடவே நடந்து வந்தார்கள்.

சரி, பாதையைச் சொல்கிறேன். பலெர்மோவிலும் கத்தானியாவிலும் இருக்கிற நம்மவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேண்டும். ஃபெர்லாப் பக்கத்து ரோடும் சோர்த்தீனோப் பக்கத்து ரோடும் பந்தாலிகாவில் ஒன்றையொன்று தொடாது. நடுவில் கல்ச்சினாராப் பள்ளம், அதை நடந்துதான் கடக்கவேண்டும். நல்ல காலம் அந்த ரோட்டை யாரும் சேர்த்துப் போடவில்லை! ஃபெர்லாவிலிருந்து போனால் முதலில் அனாக்தோரோன் என்கிற பெரிய கல் அத்திவாரம் வரும், அந்தக் காலத்துத் தலைவனின் மாளிகை என்கிறார்கள். பிறகு வடக்குப் பக்கம் பாறையை ஒட்டிய ஒற்றையடிப் பாதை கீழே இறங்கும். வழியெல்லாம் காட்டுப் பெருஞ்சீரகம். வெயில் ஏறிய நேரம் அதில் காற்சட்டை உரசினால் ஊரில் கறித்தூள் வறுக்கிற வாசம் அப்படியே எழும்பும், முதல் தடவை நான் திரும்பிப் பார்த்தேன் யாராவது சமைக்கிறார்களா என்று. கீழே ஆற்றங்கரையில் அலரி, இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாய், யாரும் நடாமல் காடாய் நிற்கிறது. எங்கள் பிள்ளையாருக்கு வைக்கிற அதே பூ. இங்கே யாரும் பறிப்பதில்லை, நஞ்சு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆற்றில் கல் மிதித்துக் கடக்க வேண்டும். ஆழமான குளங்களை நோன்னா "உருவி" என்பார். எங்கள் அருவிக்கும் அதற்கும் சொந்தம் ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஓசையைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

அனாப்போப் பக்கம் இறங்கினால் வேறு மாதிரி. அங்கே முன்பு ரயில் ஓடியது, சிராகூசாவிலிருந்து ராகூசாவுக்கும் விச்சீனிக்கும் போன சின்னத் தண்டவாளம், 1956இல் நிறுத்தினார்கள். இப்போது தண்டவாளம் இல்லை, அந்தத் தடமே நடைபாதை, ஆற்றை ஒட்டியே போகும், குகைப்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். நோன்னா அந்த ரயிலில் ஏறித்தான் முதல் முதலாகக் கடலைப் பார்க்கப் போனாராம்.

நான் ஒரு நவம்பர் வியாழன் அந்தக் குகைப்பாதை ஒன்றில் போன் வெளிச்சத்தை நம்பிப் போய், நடுவில் சார்ஜ் இறங்கி, வளைவில் முன்னுக்கும் பின்னுக்கும் வெளிச்சம் தெரியாமல் நின்றேன். ஈரச் சுவரைக் கையால் பிடித்து ஒவ்வொரு அடியாய் வைத்து வெளியே வந்தபோது நல்லாய் இருட்டிவிட்டது. பள்ளத்துக்குள் சிக்னலும் இல்லை. வீட்டுக்கு வர எட்டரை. குளிருக்குள்ளே வாசலில் கதிரை போட்டு, சால்வை சுற்றி, நோன்னா உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மகன் என்னைத் தேடிக் காரில் போயிருந்தார். நோன்னா ஏசினார், சரியாய் ஏசினார். எனக்கு அழுகை வந்தது, ஏச்சுக்கு அல்ல. அம்மா போனபிறகு நான் பிந்தினேன் என்று யாரும் வாசலில் இருந்ததில்லை. அடுத்த வியாழன் என் பையைத் திறந்தால் உள்ளே அவருடைய கணவரின் பழைய ரோச் லைட், புதுப் பற்றரி போட்டு, ஒரு துணியில் சுற்றி இருந்தது. இப்போதும் அதைத்தான் கொண்டு போகிறேன்.

வருகிறவர்கள் ஏப்ரல், மே மாதம் வாருங்கள், இல்லையென்றால் ஒக்டோபர். ஜூலை, ஓகஸ்ட்டில் வெள்ளைக் கல் சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும், நெருப்புப் பயமும் உண்டு. ஒக்டோபரில் வந்தால் சோர்த்தீனோவில் தேன் திருவிழாவும் பார்க்கலாம், ஹோமம் செய்த புகை மாதிரி ஒரு வாசம் இருக்கும் அந்தக் காட்டுத் தைம் (thyme) செடித் தேனில். பிடிமானமான சப்பாத்து போடுங்கள். தண்ணியும் பாணும் கையில் கொண்டு போங்கள், உள்ளே கடை இல்லை.

ஒவ்வொரு வியாழனும் நான் திரும்பி வந்ததும் நோன்னா கேட்கிற முதல் கேள்வி, கல்ச்சினாராவில் தண்ணீர் எங்கே மட்டும் நிற்கிறது என்பதுதான். கட்டிலை விட்டு இறங்குவது இப்போது குறைவு, ஆனால் அதை மட்டும் கேட்காமல் விடமாட்டார். போன கிழமை கணுக்காலுக்குத்தான் என்றேன். "மே மாதத்திலா?" என்று கேட்டுவிட்டு, தோட்டத்துப் பீப்பாயை இன்றைக்கே நிரப்பி வை என்றார்.